வட்டமேசையில் ஒலித்த தமிழ்க் குரல்: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

கல்வியின் பயன் யாது என்று வினவுவோர்க்கு நம் முன்னோர் பல விடைகள் பகர்ந்துள்ளனர். அவற்றுள் ஒன்று, கற்றதைப் பிறர் உணருமாறு எடுத்துரைக்கும் ஆற்றலாகும். கற்றவற்றை எடுத்துச் சொல்ல இயலாதவரை மணமில்லா மலர்க்கொத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவப் பெருந்தகை. ஆயின், பேசுதற்கு வாயும் எழுதுதற்குக் கையும் இருந்தும், பேசவும் எழுதவும் உரிமை மறுக்கப்பட்ட மக்கட்கு இவ்வாற்றல் அணிகலன் மட்டுமன்று, உயிர்க்காப்பு ஆகும். தம் குறையைத் தாமே சொல்ல இயலாதவரின் குறையைப் பிறர் சொல்லுவர். பிறர் சொல்லும்போது அது குறைந்தோ திரிந்தோ ஒலிக்கும். இவ்வுண்மையை இளமையிலேயே உணர்ந்து, தம் வாழ்நாள் முழுவதையும் பேச்சுக்கும் எழுத்துக்கும் ஈந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவை ஒட்டி மலரும் இம்மலரில், கல்லூரி வாயிலில் கால் வைக்கும் நம் மாணவ மாணவியர் பொருட்டு அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறுவது பொருத்தமுடைத்து.

பிறப்பும் பெயரும்

அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் அருகேயுள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7 ஆம் நாள் சீனிவாசனார் பிறந்தார். இரட்டைமலை என்பது ஊரின் பெயரோ மலையின் பெயரோ அன்று. அது அவர்தம் தந்தையாரின் பெயர். தந்தையின் பெயரைத் தம் பெயரோடு இணைத்தே அவர் வாழ்நாள் முழுவதும் வழங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் அவர்தம் சகோதரியாரை மணந்தவர். தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எழுத்தறிவின் வலிமையைக் காட்டிய இருபெரும் இதழாசிரியர்கள் ஒரே குடும்பத்தில் உறவினராய் அமைந்தது நாம் எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

அவர் பிறந்த காலம் எத்தகையது? பள்ளிக்கூடங்கள் ஒருசில ஊர்களில் மட்டுமே இருந்தன. அவற்றிலும் சேரி மக்களின் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது அரிது. பொதுத் தெருவில் நடப்பதும் பொதுக்கிணற்றில் நீர் எடுப்பதும் தடுக்கப்பட்ட நாளில், பொதுப்பள்ளியின் பலகையில் அமர்வது எளிதாகுமா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தையும் கோவை மாவட்டத்தையும் சூறையாடியது. அப்பஞ்சத்தில் முதலில் மடிந்தவர் நிலமற்ற உழவுக் கூலிகளே. அத்தகைய காலத்தில் ஒரு சிறுவன் ஆங்கிலக் கல்வி பெறக் கல்லூரி புகுந்தான் என்பதே வியப்புக்குரியது.

கோவைக் கலாசாலையில்

சீனிவாசனார் பயின்றது கோயம்புத்தூர்க் கலாசாலையில். நம் சேலத்திலிருந்து கோவை ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனவே அவர் மாணவராய் நடமாடிய மண் நமக்கு அயல் மண் அன்று; நாமும் கொங்கு நாட்டார் என்னும் உரிமையால், அம்மாணவரை நம் ஊர்ப் பிள்ளையாகவே கருதலாம்.

அக்கலாசாலையில் அப்போது ஏறத்தாழ 400 மாணவர் பயின்றனர். அவருள் பதின்மர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர் என்று 1939 ஆம் ஆண்டு தாம் வெளியிட்ட ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவர் குறித்துள்ளார். தம் சாதி வெளிப்பட்டால் இழிவும் இடையூறும் நேரும் என்னும் அச்சம் அவரை ஓயாது வருத்தியது. ஆகவே அவர் பிற மாணவரோடு கலந்து பழகவில்லை, விளையாடவும் இல்லை. வகுப்புத் தொடங்கும் முன் கலாசாலைக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக் கொண்டிருப்பார். மணி அடித்து மற்றவர் வகுப்பறையுள் சென்ற பின்னரே உள்ளே நுழைவார். மாலையில் வகுப்பு முடிந்ததும், யாரும் உடன் வந்து வீடு எங்கே, உறவு யார் என்று வினவாதபடி விரைந்து வீடு திரும்புவார்.

மாணவ நண்பர்களே, இதைச் சற்று நின்று எண்ணிப் பார்மின். கல்லூரிப் பருவம் நாவும் நெஞ்சும் மலரும் பருவம். நண்பரோடு வாதிட்டும், நகையாடியும், மேடையில் ஏறித் தடுமாறியும், தடுமாற்றத்திலிருந்து மீண்டுமே ஒருவன் பேசக் கற்கிறான். அவ்வாய்ப்பு முழுவதும் மூடப்பட்ட நிலையில் இவ்விளைஞர் தம் கல்வியை முடித்தார். அவர் பிற்காலத்தில் நாவன்மை பெற்றது கல்லூரி தந்த பயிற்சியால் அன்று. கல்லூரி மறுத்த பயிற்சியைத் தாமே தேடிக்கொண்ட உழைப்பால் ஆகும். எனினும் அக்காலம் அவர்க்கு வீண்போகவில்லை. வாய் அடைபட்டிருந்த நாளில் கண்ணும் செவியும் திறந்திருந்தன. தனித்துப் படித்தார், ஆழ்ந்து கேட்டார். பிறர் பேசும் முறையை உற்றுநோக்கினார். அச்சத்தால் மறைந்து வாழ்வது எத்துணைக் கொடிது என்பதைத் தம் நெஞ்சிலேயே அளந்தறிந்தார். பின்னாளில் அவர் எடுத்த பெரு முடிவு ஒன்றுக்கு இவ்வளவே வித்தாயிற்று எனலாம்.

கணக்கேட்டில் கற்ற பாடம்

கல்வி முடிந்தபின் சீனிவாசனார் நீலகிரிக்குச் சென்று ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கணக்கராகப் பணியாற்றினார். எழுத்தாளர் வரலாற்றில் கணக்கர் வேலைக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். வரவும் செலவும் எழுதும் கை, இல்லாததை எழுதாது, உள்ளதை விடாது. ஓர் எண் பிழைத்தால் ஏடு முழுவதும் பிழைபடும். சீனிவாசனாரின் பிற்கால விண்ணப்பங்களிலும் தீர்மானங்களிலும் காணப்படும் ஒழுங்கும் வரையறையும் இத்தொழிலோடு இயைந்த பண்புகளே. உணர்ச்சி மிகுந்த இடத்தும் அவர் எண்ணிக்கையை மறந்ததில்லை.

1890 ஆம் ஆண்டு அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். வந்தவுடன் மேடை தேடி ஓடவில்லை. அச்சகம் தேடியும் ஓடவில்லை. தம் மக்கள் வாழும் சிற்றூர்களுக்குச் சென்று அவர்தம் நிலையை நேரில் அறிந்தார். அவர்களின் பழமை பற்றிய சான்றுகளைத் திரட்டினார். சொல்வதற்குப் பொருளைச் சேர்த்துக்கொண்டு பின்னரே சொல்லத் தொடங்கினார். 1891 இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார்.

அக்காலத்தில் எழுத்தின் ஆற்றலைக் காட்டும் சான்று ஒன்று அவர் பிறந்த மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் என்பார், அங்குள்ள பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891 இல் அரசுக்கு விரிவான அறிக்கை ஒன்று எழுதினார். நிலமின்மையும் கடனும் அடிமை முறையும் அவர்களை எவ்வாறு பிணித்துள்ளன என்று அதில் விளக்கினார். அதன் தொடர்ச்சியாகவே 1892 இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் வழங்குவது அதனையே. நன்கு எழுதப்பட்ட ஓர் அறிக்கை ஏக்கர் கணக்கில் நிலமாக மாறக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பறையன் இதழ்

1893 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சீனிவாசனார் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் பறையன். அப்பெயரைக் கேட்டுப் பலர் திகைத்தனர். கலாசாலையில் தம் சாதி வெளிப்படுமோ என்று அஞ்சி மணி அடித்த பின் நுழைந்த அதே மனிதர், அச்சாதிப் பெயரையே தம் இதழின் முகப்பில் பெரிய எழுத்தில் பொறித்துத் தெருத்தெருவாக விற்கச் செய்தார். ஒருவன் தன்னை மறைத்துக்கொள்ளும்வரை தன் உரிமையைக் கேட்க இயலாது. கேட்கவேண்டுமாயின் இன்னார் கேட்கிறார் என்று முன்வந்து நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இழிவென்று பிறர் சுமத்திய பெயரை அவர் எதிர்ப்பின் பெயராக மாற்றினார். பெயர் எதுவாயினும் ஆகுக. எழுதுபவன் தன்னை மறைத்துக்கொண்டு எழுதும் எழுத்தில் உயிர் இராது என்பது மாணவர் கொள்ளத்தக்க பாடமாகும்.

அவ்விதழ் நான்கு பக்கங்களோடு திங்கள் இதழாகத் தோன்றியது. விலை இரண்டணா. முதல் இதழ் இரண்டே நாட்களில் 400 படிகள் விற்றுப்போயிற்று. மூன்று திங்களில் அது கிழமை இதழாக வளர்ந்தது. பின்னர்ச் சொந்த அச்சகமும் அமைந்தது. எழுத்தறிந்தவர் மிகச் சிலராய் இருந்த மக்களிடையே ஓரிதழ் எவ்வாறு பரவிற்று? படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சூழ இருந்தோர் கேட்பது அக்கால வழக்கம். எனவே அவ்விதழின் எழுத்து, கண்ணுக்கு மட்டுமன்றிச் செவிக்கும் உரியதாய் இருத்தல் வேண்டும். வாய்விட்டுப் படித்தால் இனிது விளங்குகிறதா என்பதே நல்லுரைநடைக்கு இன்றும் உரைகல்லாகும்.

எழுத்துக்கு விலை கொடுக்கவும் நேர்ந்தது. இதழில் வெளியான எழுத்தின் பேரில் 1896 இல் ஆசிரியர் மீது வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் 100 ரூபாய் தண்டம் விதித்தது. நூறு ரூபாய் அந்நாளில் பெருந்தொகை. அவர்பால் அன்பு கொண்ட மக்கள் கூடி அத்தொகையைச் செலுத்தினர். இந்நிகழ்ச்சி இருவகையில் எண்ணத்தக்கது. அச்சேறும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆசிரியர் பொறுப்பாளி ஆகிறார் என்பது ஒன்று. தம் பொருட்டு எழுதுபவரை மக்கள் கைவிடுவதில்லை என்பது மற்றொன்று. வழக்குக்குப் பின்னும் இதழ் நிற்கவில்லை. 1900 வரை ஏழாண்டுகள் அது நடைபெற்றது.

112 அடி நீள விண்ணப்பம்

1893 ஆம் ஆண்டிலேயே மற்றொரு செயலும் நிகழ்ந்தது. இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்தவேண்டும் என்று காங்கிரசுப் பேரவையினர் கோரினர். பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலும் அதற்குச் சார்பான தீர்மானம் நிறைவேறிற்று. அந்நிலையில், கல்வி வாய்ப்புப் பெற்ற உயர்சாதியினரே அத்தேர்வில் வென்று மாவட்டங்களை ஆள வருவர் என்றும், அதனால் ஒடுக்கப்பட்டோர் நிலை மேலும் தாழும் என்றும் சீனிவாசனார் கருதினார். 1893 டிசம்பர் 23 ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலுள்ள வெஸ்லியன் மிஷன் கல்லூரி மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். அதன் பயனாக 112 அடி நீளமுள்ள எதிர்விண்ணப்பம் ஒன்று 3,412 கையொப்பங்களோடு உருவாகி, ஜெனரல் செஸ்னி என்னும் உறுப்பினர் வாயிலாகப் பாராளுமன்றத்துக்குச் சென்றது.

அவர்தம் அரசியல் முடிவைப் பற்றி இன்று கருத்து வேறுபாடு கொள்வோர் இருக்கலாம். ஆனால் அவ்விண்ணப்பம் உருவான முறையை எவரும் மறுத்தற்கில்லை. 3,412 பேரிடம் கையொப்பமோ அடையாளமோ பெறவேண்டுமாயின், அத்தனை பேருக்கும் செய்தி விளங்கவேண்டும். இலண்டனில் நடைபெறும் தேர்வு ஒன்று தம் சேரியை எவ்வாறு தாக்கும் என்று ஏர் பிடிக்கும் உழவனுக்கும் உணர்த்தவேண்டும். கடினமான செய்தியை எளிய மக்களுக்கு எளிய சொல்லால் விளக்குவதே பேச்சுக்கலையின் உச்சமாகும்.

கடல் கடந்து

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கடல் கடந்து சென்றார். இங்கிலாந்து செல்லும் எண்ணத்தோடு புறப்பட்டவர் தென்னாப்பிரிக்காவில் தங்கலானார். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த நாடு அது. நீதிமன்றக் கூண்டில் நிற்கும் ஏழைத் தமிழனின் சொல்லை ஆங்கில நீதிபதி அறியுமாறு செய்வது மொழிபெயர்ப்பாளரின் கடமை. ஒரு சொல் பிழைத்தால் குற்றமற்றவன் சிறை செல்லக்கூடும். கேட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் மறுமொழியில் தரும் இப்பணியினும் சிறந்த மொழிப்பயிற்சி வேறில்லை. அந்நாட்டில் வாழ்ந்த காந்தியடிகளோடும் அவர்க்குப் பழக்கம் ஏற்பட்டது. அண்ணல் தமிழில் கையொப்பமிடக் கற்றது இவரிடமே எனப் பலரும் எழுதியுள்ளனர்.

சட்டமன்றத்தில்

1920 ஆம் ஆண்டையொட்டித் தாயகம் திரும்பிய சீனிவாசனார், 1923 இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினராக அமர்த்தப்பட்டார். அப்போது அவர்க்கு அகவை அறுபதைக் கடந்திருந்தது. கலாசாலையில் வாய் திறவாதிருந்த மாணவர், மாகாணத்தின் மன்றத்தில் எழுந்து நின்று பேசினார்.

1924 ஆகஸ்டு 22 ஆம் நாள் அவர் கொணர்ந்த தீர்மானம் வரலாற்றில் நிலைபெற்றது. எவ்வகுப்பினராயினும் எந்த ஊரிலும் நகரிலும் உள்ள பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் நடக்கலாம். பொது அலுவலகங்கள், பொதுக்கிணறுகள், குளங்கள், பொதுமக்கள் கூடும் இடங்கள், பொதுப்பணி நடைபெறும் கட்டடங்கள் ஆகியவற்றைச் சாதி இந்துக்களைப் போலவே ஆதிதிராவிடரும் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். தீர்மானம் நிறைவேறியது. 1925 இல் அரசிதழிலும் வெளியாயிற்று.

அத்தீர்மானத்தின் சொல்லமைப்பை மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தீண்டாமை ஒழிக என்று பொதுப்படக் கூறி அவர் அமரவில்லை. சாலை என்று மட்டும் சொன்னால் தெருவில் தடுப்பர். தெரு என்று மட்டும் சொன்னால் ஒற்றையடிப்பாதையில் தடுப்பர். கிணறு என்றால் குளத்தில் தடுப்பர் என்பதை அறிந்து, ஒன்று விடாது எண்ணி எழுதினார். பழைய கணக்கரின் கைத்திறம் அங்கே வெளிப்படுகிறது. 1950 இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவும் கிணறு, குளம், நீராடுதுறை, சாலை, பொதுமக்கள் கூடுமிடம் என்று ஒவ்வொன்றாகவே எண்ணிக் கூறுகிறது. வலியவர் நுழைந்து தப்பும் இடுக்குகளை அடைக்கவல்லது தெளிந்த எழுத்து மட்டுமே.

வட்டமேசை மாநாடு

1930 நவம்பர் 12 ஆம் நாள் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு தொடங்கிற்று. இந்தியாவின் எதிர்கால ஆட்சிமுறையை வகுக்கக் கூடிய அப்பேரவைக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் இருவர் அழைக்கப்பெற்றனர். ஒருவர் 39 அகவையினரான டாக்டர் அம்பேத்கர். மற்றவர் 71 அகவையினரான சீனிவாசனார். ஒருவர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் உயர்பட்டங்கள் பெற்ற பேரறிஞர். மற்றவர் கோவைக் கலாசாலையிலும் கணக்கேட்டிலும் இதழ்ப்பணியிலும் நீதிமன்றத்திலும் பயின்ற முதியவர். இருவரும் இணைந்து கையொப்பமிட்டு, ஒடுக்கப்பட்ட மக்களுக்குரிய அரசியல் காப்புகள் பற்றிய திட்டம் ஒன்றைச் சிறுபான்மையோர் துணைக்குழுவுக்கு அளித்தனர்.

அத்திட்டம் எட்டு நிபந்தனைகளாக வகுக்கப்பட்டது. சமக் குடியுரிமை, உரிமைகளைத் தடையின்றித் துய்த்தல், வேற்றுமை காட்டுதலினின்று காப்பு, சட்டமன்றங்களில் போதிய இடம், அரசுப் பணிகளில் போதிய இடம், புறக்கணிப்புக்குத் தீர்வு, நலம் காக்கத் தனித் துறை, அமைச்சரவையில் இடம் என்பன அவை. ஒவ்வொன்றும் முன்னதன் மேல் எழுப்பிய படியாக அமைந்துள்ளமை காண்க. 1931 இல் நடைபெற்ற இரண்டாம் மாநாட்டிலும் இருவரும் பங்குகொண்டு துணை அறிக்கை அளித்தனர். 1932 இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் சீனிவாசனாரும் ஒருவர்.

இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கண்டபோது நிகழ்ந்ததாக அவர் தம் வரலாற்றில் குறித்துள்ள செய்தி ஒன்று நம் சிந்தைக்கு உரியது. தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் வினவினார். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் வாழும் வேந்தருக்கு அதை எவ்வாறு விளக்குவது? மனுநூல் தொடங்கி வரலாறு உரைக்க அங்கே நேரமில்லை. தாழ்த்தப்பட்டோன் ஒருவன் தெருவில் விழுந்துவிட்டால், மேற்சாதியார் அவனைத் தொட்டுத் தூக்கிவிடமாட்டார்கள் என்று சீனிவாசனார் விடையிறுத்தார். மன்னர் திடுக்கிட்டார், தம் ஆட்சியில் அத்தகைய கொடுமை நிகழ விடமாட்டோம் என்றார். நூறு பக்கம் எழுதவேண்டிய செய்தியை ஒரு காட்சியில் அடக்கியது அவ்விடை. விழுந்தவனைத் தூக்குவது எந்நாட்டார்க்கும் புரியும் அறம். கேட்போர் அறிந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு அவர் அறியாத ஒன்றுக்கு அழைத்துச் செல்வதே சொல்வன்மையின் இலக்கணம்.

இறுதிக் காலம்

அரசு அவர்க்கு 1926 இல் ராவ் சாகிப் பட்டமும், 1930 இல் ராவ் பகதூர் பட்டமும், 1936 இல் திவான் பகதூர் பட்டமும் வழங்கிற்று. 1940 இல் திராவிடமணி என்னும் சிறப்புப் பெயர் அவர்க்கு அளிக்கப்பட்டது. 1935 இல் அம்பேத்கர் மதமாற்றம் பற்றி அறிவித்தபோது, நாம் வருணத்துக்குப் புறம்பானவர் ஆதலின் இந்துக்களே அல்லோம், மாறுதற்கு இடமில்லை என்னும் தம் கருத்தை மறைக்காமல் தெரிவித்தார். நண்பரோடும் மாறுபடலாம்; மாறுபாட்டைக் காரணத்தோடு கூறுதல் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. 1945 செப்டம்பர் 18 ஆம் நாள் தம் 86 ஆம் அகவையில் அவர் மறைந்தார். 2000 ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

மாணவர்க்கு

சேலத்தில் 1857 இல் தோன்றிய அரசு கலைக் கல்லூரி இன்றும் விளங்குகிறது. 1997 இல் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டம் ஆயிற்று. அதே ஆண்டு சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகமும் தோன்றியது. இராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர், ஓமலூர் வட்டாரங்களிலிருந்து நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். தந்தை சுமையுந்து ஓட்டுபவராகவோ தறி நெய்பவராகவோ இருப்பார். தாய் சவ்வரிசி ஆலைக்கோ கோழிப்பண்ணைக்கோ செல்பவராக இருப்பார். அவ்வீட்டில் முதன்முதல் கல்லூரி மிதித்த பிள்ளை, வகுப்பில் வினா எழுப்ப அஞ்சிக் கடைசிப் பலகையில் அமர்ந்திருக்கக் காண்கிறோம். தன் பேச்சுவழக்கைக் கேட்டு நகைப்பரோ, ஊரும் தெருவும் வினவுவரோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். சீனிவாசனார் மணி அடிக்கும்வரை வெளியே நின்ற அந்த அச்சம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. அவர்க்கு அன்று துணை எவரும் இல்லை. உங்கட்கு நம் சங்கம் உண்டு, உடன்பயிலும் நண்பர் உண்டு.

ஆகவே அவர் வாழ்விலிருந்து சில பயிற்சிகளைக் கொள்மின். நாள்தோறும் ஒரு பக்கமேனும் வாய்விட்டுப் படியுங்கள். தமிழில் ஒரு நாள், ஆங்கிலத்தில் ஒரு நாள். அன்று கற்ற பாடத்தை மாலையில் வீட்டில் தாய்க்கோ தம்பிக்கோ எளிய தமிழில் விளக்குங்கள். அவர்க்கு விளங்கினால் உமக்கு விளங்கிற்று என்க. ஆங்கிலப் பத்தி ஒன்றைத் தமிழாக்கி, சில நாள் கழித்து அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். எங்கே நழுவினீர் என்பது தானே தெரியும். பேசுமுன் பொருள் தேடுங்கள். எண்ணும் ஆண்டும் இடமும் சரிபாருங்கள்.

எழுதிப் பழகுதற்கு ஊரே உங்கட்குப் பாடநூல். உங்கள் தெருவில் குடிநீர்க்குழாய் இல்லையா? எத்தனை வீடு, எத்தனை குடம், எவ்வளவு தொலைவு என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு மனு ஒன்று எழுதுங்கள். விடை வாராவிடின் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வினவி எழுதுங்கள். பேசிப் பழகுதற்குக் கிராம சபை உண்டு. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் அச்சபையில் மூன்றே நிமிடம், ஒரே பொருள் பற்றி, எழுந்து நின்று பேசுங்கள். முதல்முறை குரல் நடுங்கும், நடுங்கட்டும். இரண்டாம் முறை அவ்வளவு நடுங்காது. கல்லூரிக் கருத்தரங்கில் பெயர் கேட்கும்போது முதலில் கை உயர்த்துங்கள். நம் சங்கக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பை மாணவரே ஏற்பது நன்று. பிறர் சொன்னதைத் திரிக்காமல் சுருக்கி எழுதக் கற்றவர், தாம் சொல்லவேண்டியதைத் தெளிவாக எழுத வல்லவராவர்.

நம் சங்கம் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதிலும் கல்லூரியில் சேர்ப்பதிலும் கருத்தைச் செலுத்தியது. இனிவரும் ஆண்டுகளில், சேர்ந்த பிள்ளைகள் அங்கே வாய்திறந்து பேசுகின்றனரா என்பதிலும் கருத்தைச் செலுத்துதல் கடமையாகும். கிழமைக்கு ஒருநாள் மாலை சங்கக் கட்டடத்தில் சொற்பயிற்சி மன்றம் ஒன்று கூடுமாயின், அதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. ஒரு விளக்கும், சில இருக்கைகளும், பொறுமையோடு கேட்கும் பெரியோர் சிலருமே போதும். இளையோர் அங்கே பேசிப் பழகி, வகுப்பறைக்குள் மணி அடிக்கும் முன்னரே நிமிர்ந்து நடந்து செல்வாராக.